படம் வரைய நேரமில்லை, ஆனால் டாப்-அப் கடன் இருக்கிறது

கேள்வி (சுருக்கமாக): பெங்களூரு அல்சூரில் 15 வருஷமாக இருக்கிறேன். வயது 39, திருமணம் ஆகவில்லை. அம்மா என்னோடு இருக்கிறார். ஐடி கம்பெனியில் டெஸ்டிங் வேலை, கைக்கு 1,12,000 ரூபாய் வருகிறது. சனி, ஞாயிறு ஆன்லைனில் வகுப்பு எடுப்பதில் மாதம் 18,000 வருகிறது. கல்லூரி நாட்களில் நிறைய வரைவேன். வாட்டர்கலர் பெட்டி வாங்கி மூன்று வருஷம் ஆகிறது, இன்னும் பிரிக்கவே இல்லை. வாணியம்பாடியில் இருக்கும் தம்பி வீட்டைத் தவிர எங்கேயும் போனதில்லை. சும்மா உட்கார்ந்து யோசித்தே எவ்வளவோ நாளாகிறது.

ஆறு மாதம் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றி வரைய ஆசை. ஆபீஸில் ஒருவர் 25 வருஷ ஹாலிடே மெம்பர்ஷிப் சேரச் சொல்கிறார். இன்னொருவர், மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 1 சதவீதம் எடுத்தால் அதுவே சம்பளம் என்கிறார். எஃப்டி 4 லட்சம், ஈக்விட்டி (பங்குச் சந்தை) ஃபண்டில் 9 லட்சம் இருக்கிறது. அதில் மாதாமாதம் போடும் எஸ்ஐபி 15,000. ஒரு பர்சனல் லோன் ஓடுகிறது. தம்பியின் மொபைல் கடைக்காக வாங்கி, இரண்டு முறை டாப்-அப் (ஓடும் கடன் மேலேயே கூடுதல் கடன்) செய்தது. கடையை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாற்ற இப்போது இன்னும் 5 லட்சம் கேட்கிறான். 'அக்கா, இதுதான் கடைசி' என்கிறான். 'அவனுக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?' என்கிறார் அம்மா. எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சேமிப்பு, எஸ்ஐபி பற்றியெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதை ஒழுங்காகவே செய்திருக்கிறீர்கள். கடிதத்தில் மெம்பர்ஷிப்புக்கு ஒரு பத்தியே ஒதுக்கியிருக்கிறீர்கள், கடனைப் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டீர்கள். உங்கள் நேரம் முழுக்க அந்த ஒரு வரியில்தான் போயிருக்கிறது.

நீங்கள் இணைத்திருந்த ஸ்டேட்மென்ட்டை வைத்துத் தோராயமாகக் கணக்குப் போட்டேன். ஆறரை வருஷத்துக்கு முன் 4 லட்சம், 14 சதவீத வட்டி, ஐந்து வருஷத் தவணை. ஈஎம்ஐ 9,300. இரண்டு வருஷம் கட்டியதும் பாக்கி 2.7 லட்சத்துக்கு வந்தது. அப்போது 3 லட்சம் டாப்-அப் எடுத்தீர்கள், தவணை மறுபடி ஐந்து வருஷம் ஆனது, ஈஎம்ஐ 13,300. இன்னும் இரண்டு வருஷம் கழித்து பாக்கி 3.9 லட்சமாக இருந்தபோது மேலும் 4 லட்சம். மறுபடி முதலிலிருந்து ஐந்து வருஷம். ஈஎம்ஐ 18,400. அதில் 30 மாதம் கட்டியாயிற்று.

கூட்டிப் பாருங்கள். தம்பி கைக்குப் போனது 11 லட்சம். நீங்கள் இதுவரை கட்டியது கிட்டத்தட்ட அதே 11 லட்சம். இன்னும் பாக்கி 4.6 லட்சம்! அதாவது வட்டியாக மட்டும் நாலரை லட்சத்துக்கு மேல் போய்விட்டது. வகுப்புக்கு வாரம் 12 மணி நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள். மாதம் 50 மணி நேரம், மணிக்கு 360 ரூபாய். அந்தக் கணக்கில் இந்த வட்டியின் விலை இரண்டு வருஷத்து சனி, ஞாயிறு. வகுப்பில் வருவது 18,000, ஈஎம்ஐ 18,400. அந்த 18,000-க்கும் வரி உண்டு. உங்கள் வார விடுமுறை முழுவதும் அந்தக் கடனுக்கே உழைக்கிறது.

இந்த முறையும் 5 லட்சம் எடுத்தால் கடன் 9.6 லட்சம், ஈஎம்ஐ சுமார் 22,400. முடியும்போது உங்களுக்கு 44 வயது. அதுவும் நடுவில் இன்னொரு 'கடைசி' வராமல் இருந்தால்.

டாப்-அப்பின் கெடுதல் வட்டி விகிதத்தில் மட்டும் இல்லை. ஈஎம்ஐயில் வட்டி முன்னால் போகும், அசல் பின்னால்தான் கரையும். அசல் வேகமாகக் கரையத் தொடங்கும் நேரத்தில் 'முன் அனுமதி பெற்ற டாப்-அப் தயார்' என்று வங்கி எஸ்எம்எஸ் அனுப்புகிறது. சரியாகக் கட்டுகிறவருக்குத்தான் அது வரும். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1909 என்ற எண்ணில் பதிவு செய்து விளம்பர அழைப்புகளையும் செய்திகளையும் நிறுத்துங்கள்.

இனி என்ன செய்வது? கடனை இந்த மாதமே முழுதாக அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே முடிக்கும் கட்டணம் உங்கள் ஒப்பந்தத்தில் 3 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். சுமார் 16,000 ஆகும். மொத்தம் 4.8 லட்சம் போதும். மீதி 30 ஈஎம்ஐயையும் கட்டினால் 5.5 லட்சம் ஆகும். எஃப்டியில் 3 லட்சத்தை உடையுங்கள். வரி போக ஐந்தரை சதவீதம் தரும் எஃப்டியைக் காப்பாற்றிக்கொண்டு 14 சதவீதக் கடனைச் சுமப்பதில் அர்த்தமில்லை. ஃபண்டில் 1.8 லட்சம் எடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி யூனிட்டுகளில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையான லாபத்துக்கு வரி இல்லை. அந்த யூனிட்டுகளாகப் பார்த்து எடுத்தால் போதும். ஆத்திர அவசரத்துக்கு எஃப்டியில் 1 லட்சம், ஃபண்டில் 7.2 லட்சம் மிச்சம் இருக்கும்.

ஈஎம்ஐ போனதும் வகுப்பையும் விட்டுவிடுங்கள், இரண்டு நாளையும். உடைத்த எஃப்டியை நிரப்ப சனிக்கிழமையை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றும். வேண்டாம். எஸ்ஐபியை ஒரு வருஷத்துக்கு 7,000 ஆக்கி, மீதி 8,000-ஐ ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் வங்கி டெபாசிட்) போடுங்கள். வருஷக் கடைசியில் 1 லட்சம் சேர்ந்திருக்கும். எஸ்ஐபியைக் குறை என்று நான் சாதாரணமாக யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் 39 வயதில் வரையவும் வேண்டாமா?

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி உங்கள் அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனால் ஆறரை வருஷம் ஓடிய கடை தன் பெயரிலேயே கடன் வாங்க முடிய வேண்டும். சிறு தொழிலுக்குக் கடன் தரும் அரசின் முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு 50,000 முதல் 5 லட்சம் வரை, அவர் கேட்கும் அதே தொகை. வங்கி கடைக் கணக்கைக் கேட்கும், வருமானத்தைக் கேட்கும். கேட்கட்டும். கணக்கைப் பார்த்து வங்கி கொடுத்தால் நல்லது. மறுத்தால், அந்தப் பணத்தை உங்கள் பெயரில் வாங்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்று அப்போதாவது தெரியும். கியாரண்டி கையெழுத்தும் போடாதீர்கள். அவர் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அம்மாவிடம் 11 லட்சம், 11 லட்சம், 4.6 லட்சம் என்ற மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பல வீடுகளில் பெற்றோருக்கு இந்தக் கணக்கு தெரிவதே இல்லை. மகள் கஷ்டம் காட்டாமல் கட்டுகிறாள், அதனால் கஷ்டமே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தம்பியிடம் நீளமாக விளக்க வேண்டாம். 'என் பெயரில் இனி கடன் வாங்க மாட்டேன்டா. முத்ராவுக்கு விண்ணப்பம் போடு, பேப்பர் எழுத நான் உதவி பண்றேன்' என்றால் போதும். கோபித்துக்கொள்வார். சில மாதம் போன் வராமலும் இருக்கலாம். அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஹாலிடே மெம்பர்ஷிப் வேண்டவே வேண்டாம். முன்பணம் லட்சக்கணக்கில் போகும், அப்புறம் வருஷா வருஷம் பராமரிப்புக் கட்டணம். வேண்டிய வாரத்தில் வேண்டிய ஊரில் அறை கிடைக்க முன்கூட்டியே மல்லுக்கட்ட வேண்டும். நினைத்தபோது கிளம்பிப் போக ஆசைப்படுகிற உங்களுக்கு 25 வருஷ ஒப்பந்தம் எதற்கு? மாதம் 1 சதவீத யோசனையும் அப்படித்தான். 9 லட்சத்தில் மாதம் 9,000, வருஷத்துக்கு 12 சதவீதம். சந்தை சரியும் வருஷத்திலும் அப்படியே எடுத்தால் முதலே கரையும். சுற்றுலாவை ஈஎம்ஐயில் போகச் சொல்லும் செயலிகளைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். ஒரு ஈஎம்ஐயிலிருந்து இப்போதுதான் வெளியே வருகிறீர்கள்.

ஆறு மாத விடுப்பு நல்ல ஆசை. வேலையை விட்டுவிட்டு அதைச் செய்யாதீர்கள். முதலில் ஒரு வருஷம் உங்கள் சனி, ஞாயிறு உங்களிடம் இருக்கட்டும். ஹம்பி எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் ஹொசப்பேட்டை. ஸ்லீப்பர் டிக்கெட் சில நூறு ரூபாய்தான். லேபாக்ஷி வீரபத்திரர் கோயில் விதானத்தில் விஜயநகர காலத்து ஓவியங்கள் இருக்கின்றன, காலையில் கிளம்பினால் இரவுக்குள் திரும்பிவிடலாம். ஜனவரியில் பெங்களூரு குமார கிருபா சாலை முழுக்கச் சித்திர சந்தே என்ற ஓவியச் சந்தை. எங்கும் போகத் தோன்றாத நாளில் கப்பன் பார்க்கில் மரத்தடியில் உட்கார்ந்து எதையும் செய்யாமல் இருங்கள். அதற்குச் செலவே இல்லை. நீங்கள் இத்தனை நாள் ஏங்கியது அதற்கும்தானே?

ஒன்று நிச்சயம் நடக்கும். நாலு படம் வரைந்ததும், இதை ஆன்லைனில் விற்கலாமே, வகுப்பு எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். ஒரு வருஷத்துக்காவது காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த நேரத்துக்கு மறுபடி மணிக்கு இத்தனை ரூபாய் என்று விலை வந்துவிடும்.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் வேண்டும் என்று தோன்றினால் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். வீட்டுச் செலவு மாதம் 55,000 என்கிறீர்கள். ஆறு மாதத்துக்கு 3.3 லட்சம், பயணத்துக்கு 1 லட்சம். ஈஎம்ஐ இல்லாவிட்டால் எட்டக்கூடிய தொகைதான். பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள். கம்பெனி மெடிக்கல் இன்ஷூரன்ஸ் விடுப்பில் தொடருமா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். தைராய்டுக்கு மாத்திரை எடுக்கிறீர்கள், அதனால் தனி பாலிசியை இப்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம் வரை காத்திருப்பு இருக்கலாம், அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவ பாலிசி பிரீமியத்துக்கு ஜிஎஸ்டியும் இல்லை.

கடனை அடைத்த அன்றே வங்கியில் நிலுவை இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஈஎம்ஐ தேதியில் பணம் தானாகப் போகாமல் இருக்க ஆட்டோ டெபிட்டை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து, உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு முடிந்ததாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதை இலவசமாகவே எடுக்கலாம்.