விட்டு வந்த மதத்தோடு என்ன செய்வது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாகப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

நான் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்தில் பிறந்தவள். தாத்தா காலத்திலேயே பழைய சபையை விட்டு 'சத்தியத்துக்கு' வந்துவிட்டார்கள். வீட்டில் பிறந்தநாள், கிறிஸ்துமஸ், பொங்கல் எதுவும் கிடையாது. பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்பேன், வாய் திறக்க மாட்டேன். லீவு நாட்களில் காவற்கோபுரம் பத்திரிகையைப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவுடன் வீடு வீடாக ஊழியத்துக்குப் போவேன். பதினாறு வயதில் முழுக்காட்டுதல் (ஞானஸ்நானம்) எடுத்தேன். பிறகு சாட்சி அல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா வரவில்லை. ஆனாலும் கூட்டங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன்.

பிரசவத்தின்போது ரத்தப்போக்கு நிற்கவில்லை. ரத்தம் ஏற்றக்கூடாது என்று நான் கையெழுத்துப் போட்ட அட்டை என் கைப்பையிலேயே இருந்தது. டாக்டர் கேட்டபோது 'ஏற்றுங்கள்' என்று நான்தான் சொன்னேன். பிறகு சபையை நடத்தும் மூப்பர்கள் வந்து, மனம் வருந்துகிறாயா என்று கேட்டார்கள். உயிரோடு இருப்பதற்கு எப்படி வருந்துவது என்றேன். நான் இனி யெகோவாவின் சாட்சி இல்லை என்று ராஜ்ய மன்றத்தில், அதாவது கூட்டம் நடக்கும் இடத்தில், அறிவித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. அம்மா பேத்தியைப் பார்க்க எப்போதாவது வருவார். என் வீட்டில் சாப்பிட மாட்டார்.

இப்போது மாமியாரோடு கோயிலுக்குப் போகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியை ஆசையாகக் குடிக்கிறேன். தியான முகாமுக்கும் போய்வந்தேன். மனம் விரிந்ததுபோலத்தான் இருக்கிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் பத்திரிகை வண்டியோடு இரண்டு சாட்சிகள் நிற்பதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்குகிறது. விலகி வந்தவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் இருக்கிறேன். கேரளாவில் களமசேரியில் சாட்சிகளின் மாநாட்டில் குண்டு வெடித்த அன்று அதில் ஒருவர் 'வேண்டியதுதான்' என்று எழுதினார். நான் ஒன்றும் சொல்லாமல் கடந்துபோனேன். அது இன்னும் உறுத்துகிறது.

போன வாரம் அம்மா, இயேசுவின் மரணத்தை வருடம் ஒருமுறை நினைவுகூரும் நினைவு ஆசரிப்பு கூட்டத்தின் அழைப்பிதழை என் மகளின் நோட்டுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கிழித்துப்போடவும் முடியவில்லை, போகவும் மனமில்லை. எல்லா மதத்தையும் ஏற்க முடிகிற எனக்குப் பிறந்த மதத்தை மட்டும் சகிக்க முடியவில்லை. அப்படியென்றால் நான் வளரவே இல்லையா?

ஜெ.

(ஊரையும் பெயரையும் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள ஜெ.,

முதலில் ஆஸ்பத்திரி விஷயத்தைப் பேசிவிடலாம். உங்கள் கடிதத்தில் அந்தப் பத்தி மட்டும் வாக்குமூலம்போல இருக்கிறது. நீங்கள் செய்தது சரி. யாரிடமும் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, கடவுளிடமும்கூட.

'இரத்தத்துக்கு விலகியிருங்கள்' என்று பைபிளில் அப்போஸ்தலர் 15ஆம் அதிகாரத்தில் வருவது உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். ரத்தம் ஏற்றிக்கொள்வதற்கும் அது பொருந்தும் என்று சாட்சிகளின் அமைப்பு சொல்ல ஆரம்பித்தது 1945ல். ஏற்றிக்கொண்டு வருந்தாதவர்களைச் சபைநீக்கம் செய்யத் தொடங்கியது 1961ல். உறுப்பு மாற்று சிகிச்சையையும் 1967ல் கூடாது என்றார்கள். 1980ல் அது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது என்று விட்டுவிட்டார்கள். நடுவில் இருந்த அந்தப் பதின்மூன்று வருடங்களை நினைத்தால் எனக்கு மனம் தாங்குவதில்லை. அந்தக் காலத்தில் சிறுநீரகம் வேண்டாம் என்று மறுத்துவிட்டுச் செத்த ஒருவரின் பிள்ளை, 1980ல் வந்த பத்திரிகையை எப்படிப் படித்திருக்கும்? என்றைக்கும் மாறாத கடவுள் சட்டம் என்று உங்கள் கையில் கொடுத்த அட்டைக்குப் பின்னால் இப்படி வருடங்களும் கூட்டங்களும் முடிவுகளும் இருக்கின்றன.

அதனால் உங்கள் கோபத்தை வளராத மனதின் அடையாளம் என்று நான் நினைக்கவில்லை. பெற்ற மகள் பிழைத்து வந்ததற்காக அவளோடு பேச்சை நிறுத்துவது கொடுமை. அப்பா அதை அன்பு என்று நம்புகிறார், பேசாமல் இருந்தால் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் நம்புவதால் அது கொடுமை இல்லை என்று ஆகிவிடாது. சகிப்புத்தன்மை என்ற பெயரில் இதை நியாயப்படுத்த வேண்டும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா மதத்தையும் ஏற்க முடிகிறது என்கிறீர்கள். மாமியாரின் கோயில் உங்களிடம் எதையும் பறிக்கவில்லை. நோன்புக் கஞ்சி கொடுத்த வீட்டில் யாரும் உங்களை நியாயத்தீர்ப்பு சொல்லி மிரட்டவில்லை. அவர்களோடு ஒத்துப்போவது நல்ல விஷயம்தான், ஆனால் அதில் உங்களுக்குச் சிரமம் ஒன்றுமில்லை. உங்களைக் காயப்படுத்திய ஒரே மதத்தின் முன்னால்தான் நீங்கள் திணறுகிறீர்கள். அங்கேதான் யாரும் திணறுவார்கள்.

நீங்கள் பள்ளியில் எழுந்து நின்று பாடாமல் இருந்ததாக எழுதியதைப் படித்ததும் எனக்குக் கிடங்கூர் பிள்ளைகள்தான் ஞாபகம் வந்தார்கள். அவர்களைப் பற்றி உங்கள் மன்றத்திலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். கோட்டயம் மாவட்டத்தில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர், பத்தாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு. தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். சட்டசபைவரை அது பிரச்சினையாகி, 1985 ஜூலையில் மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. நம் மரபு சகிப்பைக் கற்பிக்கிறது, நம் தத்துவம் அதைப் போதிக்கிறது, நம் அரசியல் சாசனம் அதைக் கடைப்பிடிக்கிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று முடிவில் சொல்கிறார். எல்லோரும் எடுத்துச் சொல்வது அந்த வரிகளைத்தான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதற்கு முன்னால் அவர் வைக்கும் அளவுகோல். ஒரு நம்பிக்கை நம் அறிவுக்கும் உணர்வுக்கும் ஒத்துவருகிறதா என்பது கேள்வியே இல்லை, அதை அவர்கள் உண்மையாகவும் மனசாட்சிப்படியும் நம்புகிறார்களா என்பதே கேள்வி என்கிறார். பாடாமல் இருப்பது சரி என்று அவர் சொல்லவில்லை. பாட மறுக்கிற மனசாட்சியை ஒரு நாடு தாங்கிக்கொள்ள வேண்டும் என்றார். உங்களுடைய பள்ளியில் உங்களை யாரும் வெளியே அனுப்பாமல் இருந்ததற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த அளவுகோலை அப்பாவுக்கும் வைத்துப் பாருங்கள். அவருடைய ஆட்களின் பிடிவாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் நாஜி வணக்கம் செய்ய மாட்டோம், ராணுவத்தில் சேர மாட்டோம் என்று சொன்னதற்காக ஆயிரக்கணக்கான சாட்சிகளை முகாம்களில் அடைத்தார்கள். அவர்களின் சட்டையில் ஊதா முக்கோணம் தைத்திருக்கும். நம்பிக்கையைக் கைவிடுகிறேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் வெளியே போகலாம். பெரும்பாலோர் போடவில்லை. எத்தனையோ படித்தவர்களும் பாதிரியார்களும் தலையாட்டிய காலம் அது. நீங்கள் அப்பாவிடம் பார்த்த அசையாமை இந்த இடத்திலிருந்தும் வருகிறது. உங்களைத் தள்ளிவைப்பதும் அதே அசையாமைதான். இரண்டில் ஒன்றை மட்டும் பிரித்து எடுக்க முடிந்தால் நன்றாக இருக்கும், மனிதர்கள் அப்படி அமைவதில்லை.

இன்னொன்று. சுற்றி நிற்கிற மொத்தப் பள்ளியும் பாடும்போது பாடாமல் நிற்க ஒரு சின்னப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்தவர் உங்கள் அப்பா. எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்பதற்காக மனசாட்சியை விட்டுவிடாதே என்பதை நீங்கள் அவரிடம்தான் படித்தீர்கள். டாக்டரிடம் 'ஏற்றுங்கள்' என்று சொன்னதும் அதே பெண்தான். மூப்பர்கள் முன்னால் வருந்த மறுத்ததும் அவள்தான். அவர் கொடுத்ததை வைத்துத்தான் நீங்கள் வெளியே வந்தீர்கள். அவருக்கு இது என்றைக்காவது புரியுமா என்று தெரியாது. உங்களுக்குப் புரிந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

களமசேரி விஷயம். 2023 அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை காலை. சாட்சிகளின் மண்டல மாநாட்டுக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எட்டுப் பேர் இறந்தார்கள். பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுடைய அம்மா, அண்ணன் மூவருமே அதில் அடக்கம். முன்பு அந்தச் சபையில் இருந்ததாகச் சொன்ன ஒருவர் தானே செய்ததாக வீடியோ வெளியிட்டுவிட்டுச் சரணடைந்தார். அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, இவர்கள் பிள்ளைகளைத் தேசிய கீதம் பாடவிடுவதில்லை என்பது. கிடங்கூர் பிள்ளைகளுக்கு உச்ச நீதிமன்றம் கொடுத்த அதே உரிமை.

உங்களை அவரோடு சேர்த்து நான் பேசவில்லை. கோபத்துக்கும் கொலைக்கும் நடுவே பெரிய தூரம் இருக்கிறது. ஆனால் 'வேண்டியதுதான்' என்று எழுதியவரைக் கவனியுங்கள். அர்மகெதோன் என்ற கடைசி யுத்தத்தில் உலகத்து ஜனங்கள் அழிவார்கள், நாம் பூஞ்சோலை பூமியில் வாழ்வோம் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். சபையை விட்டாலும் அந்தக் கணக்கை அவர் விடவில்லை, அழிய வேண்டியவர்களின் பட்டியலை மட்டும் மாற்றிக்கொண்டார். கண்டிப்பான மதத்திலிருந்து வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது. நாத்திகத்துக்குப் போனாலும் சரி, வேறு குருவிடம் போனாலும் சரி, 'நாம் மட்டும் விழித்திருக்கிறோம்' என்ற நினைப்பு கூடவே வந்துவிடும். கோட்பாடுகள் சீக்கிரம் உதிர்ந்துவிடும். இது போக வருடக்கணக்காகும். உங்களுக்கு அந்த வார்த்தை உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. வளரவே இல்லையா என்று கேட்டீர்களே, நான் பார்க்கிற வளர்ச்சி அந்த உறுத்தலில் இருக்கிறது, தியான முகாமில் கிடைத்ததைவிட அதிகமாக. இப்போது தாமதம் என்று நினைக்காமல் அந்தக் குழுவில் ஒரு வரி எழுதுங்கள். செத்தவர்களில் நம் அம்மாவும் இருந்திருக்கலாம் என்று எழுதினால் போதும்.

மதத்தை விட்டு வந்தவர் பழையதை என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நம்மூரில் எனக்குத் தெரிந்த பெரிய உதாரணம் வள்ளலார். சின்ன வயதில் கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர்ச் சிவனையும் உருகி உருகிப் பாடியவர். 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் பேசியபோது, முன்பு தனக்குச் சைவ சமயத்தில் இருந்த பற்றுக்கு அளவே கிடையாது, தன் பாடல்களே அதற்குச் சாட்சி, அப்போது தனக்கு இருந்தது அற்ப அறிவு என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். தன்னை மேலே ஏற்றிவிட்டது தயவுதான் என்றார். சமயங்களைப் பற்றி அவர் வைத்த விமர்சனம் கடுமையானது, பூசி மெழுகியது இல்லை. ஆனால் அந்தப் பழைய பாடல்கள் இருக்கின்றன. அவற்றில் பல அவர் காலத்திலேயே 1867ல் அச்சாயின. கந்தகோட்டத்துப் பாடல்களை இன்றைக்கும் அங்கே நின்று பாடுகிறார்கள். பாடியபோது இருந்த அன்பு உண்மையானது, அதனால் அவை நிற்கின்றன.

நீங்கள் சின்ன வயதில் செய்த ஜெபமும் அப்படித்தான். யாருக்கு எந்தப் பெயரில் செய்தீர்கள் என்பது மாறியிருக்கலாம். வேத வசனத்தை உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்த பழக்கம், தெரியாத வீட்டு வாசலில் நின்று கதவு சாத்தப்பட்டாலும் சிரித்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போன பொறுமை, இதெல்லாம் உங்களுடையது. யாரிடமும் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அடுத்து எந்த வழி என்று சீக்கிரம் முடிவு செய்யவும் வேண்டாம். கோயிலுக்குப் போகப் பிடித்தால் போங்கள், பிடிக்காத வாரம் வீட்டில் இருங்கள். ஒரு வாரம் போகாவிட்டால் யாரும் வந்து கேள்வி கேட்கப்போவதில்லை என்பதே உங்களுக்குப் பழக நாளாகும்.

இனி அழைப்பிதழ். நினைவு ஆசரிப்பில் என்ன நடக்கும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு பேச்சு, ஜெபம், அப்புறம் அப்பமும் திராட்சரசமும் கைமாறி வரும். பரலோகத்துக்குப் போகும் ஒரு லட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரில் தானும் ஒருவர் என்று கருதுகிறவர் மட்டும் எடுப்பார், மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பாவும் எடுக்க மாட்டார், கொடுத்துவிடுவார். நீங்களும் கொடுத்துவிடலாம். நம்பாத எதையும் நம்புவதாகக் காட்டவேண்டிய இடம் அங்கே இல்லை. 2024ல் ஒரு சின்ன மாற்றமும் வந்திருக்கிறது. சபையிலிருந்து நீக்கப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் மற்றவர்கள் சுருக்கமாக வரவேற்கலாம் என்று அனுமதித்திருக்கிறார்கள். பிறருடைய ரத்தத்தை ஏற்றிக்கொள்ளக்கூடாது என்ற கொள்கை அப்படியே இருக்கிறது. ஆனால் வாசலில் யாராவது உங்களுக்கு வணக்கம் சொல்ல வாய்ப்பு உண்டு. அப்பாவிடம் அதை எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள்.

போவதாக இருந்தால் இந்த முறை மகளை அழைத்துப் போகாதீர்கள். தாத்தா முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்க்கிற வயது அவளுக்கு இல்லை. கணவரையோ ஒரு சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு பின்வரிசையில் உட்காருங்கள். கை நடுங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் கிடையாது. போகவேண்டாம் என்று முடிவு செய்தாலும் சரிதான். ஆனால் அழைப்பிதழைப் பார்க்காததுபோல இருந்துவிடாதீர்கள். 'பார்த்தேன் அம்மா, இந்த வருடம் என்னால் முடியவில்லை' என்று அம்மாவிடம் நேராகச் சொல்லுங்கள். விதியை மீறாமல் மகளைக் கூப்பிட அவருக்குக் கிடைத்த வழி பேத்தியின் நோட்டு ஒன்றுதான். அதற்குப் பதில் கிடைக்க வேண்டும் அவருக்கு.

எந்த முடிவு எடுத்தாலும் எழுதுங்கள்.

அன்புடன்.