கார்டு மாற்றும் முன் பிக்கப்பைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: கரூர் பக்கம் ஜல்லி கிரஷர் நடத்துகிறேன். 250 கேவிஏ ஜெனரேட்டர், ஆறு சிலிண்டர் பழைய எஞ்சின், எலக்ட்ரானிக் கவர்னர். லோடே இல்லாவிட்டாலும் எஞ்சின் ஏறி ஏறி இறங்குகிறது. ஹெர்ட்ஸ் மீட்டர் 47க்கும் 53க்கும் நடுவே ஆடுகிறது. போன வருடம் கவர்னர் கார்டு மாற்றினோம், நான்கு மாதம் ஒழுங்காக ஓடியது. இப்போது கார்டு, ஆக்சுவேட்டர் இரண்டும் போய்விட்டது என்று 60 ஆயிரம் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: வேண்டாம். இந்த வாரம் நிச்சயம் வேண்டாம்.

நான்கு மாதம் ஓடியது என்கிறீர்களே, எனக்கு அங்கேதான் சந்தேகம். கார்டு மாற்ற வந்தவர் வயர்களைக் கழற்றி, துடைத்து, முறுக்கி மாட்டியிருப்பார். எஞ்சின் வேகத்தை எண்ணும் காந்த சென்சாரான பிக்கப்பையும் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்திருப்பார். எஞ்சின் ஓடியது அந்தத் துடைப்பால் என்றே நினைக்கிறேன். நல்ல பெயர் புதுக் கார்டுக்குப் போய்விட்டது, பணம் உங்களிடமிருந்து போய்விட்டது.

எஞ்சின் வேகத்தை ஒரே அளவில் வைப்பதுதான் கவர்னரின் வேலை. விஷயம் இவ்வளவுதான். ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரின் பற்களை பிக்கப் எண்ணுகிறது. 118 பல் என்றால் 1500 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 2950 துடிப்பு. கார்டு அதைப் பார்த்து, வேகம் குறைந்தால் ஆக்சுவேட்டருக்குக் கரண்ட் கூட்டுகிறது; ஆக்சுவேட்டர் பம்பின் லீவரைத் தள்ளி டீசலைக் கூட்டுகிறது. எண்ணிக்கையில் கோளாறு என்றால் கார்டு பாவம் என்ன செய்யும்? கூட்டும், குறைக்கும், மறுபடி கூட்டும்.

முன்பு ஒரு மர அறுவை மில்லில் இதே கதை. இரண்டு கார்டு மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பிக்கப்பைக் கழற்றினால் அதன் நுனி முள்ளம்பன்றி மாதிரி இருந்தது. காந்தம் அல்லவா, ரிங் கியரிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் தூளையெல்லாம் இழுத்து வைத்திருந்தது. பனியன் துணியால் துடைத்து மாட்டினேன். எஞ்சின் வேகம் ஆடாமல் நின்றது.

நீங்களும் அதையே செய்யுங்கள். எஞ்சினை நிறுத்தி பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். துடைத்த பிக்கப்பைத் திருப்பி மாட்டும் முன், ஓட்டை வழியாக டார்ச் அடித்து, ஒரு பல்லின் தலை நேர் எதிரே வரும்படி ஃப்ளைவீலைக் கையால் சுற்றுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு பல்லுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் இறக்கிவிட்டால், ஸ்டார்ட் போட்டதும் பிக்கப் நொறுங்கும். பல்லைத் தொடும்வரை கையால் திருகி, முக்கால் சுற்று பின்னால் எடுத்து, செக் நட்டைப் பூட்டுங்கள். பேட்டரியை மாட்டி, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து பிக்கப் வயரில் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போதே 1 வோல்ட்டாவது வர வேண்டும்.

அடுத்து கார்டுக்குப் போகும் சப்ளை. பேட்டரி டெர்மினலிலிருந்து நேராக, ஃப்யூஸ் போட்டு வர வேண்டிய வயர் அது. பேனலுக்குள் கைக்கு அகப்பட்ட இடத்திலிருந்தோ சார்ஜரிலிருந்தோ இழுத்திருந்தால் மாற்றுங்கள். ஓடும்போது 24 வோல்ட் ஆடாமல் நிற்கிறதா என்று கார்டிலேயே வைத்துப் பாருங்கள்.

அப்புறம் லீவர். மெயின் பிரேக்கரை ஆஃப் செய்துவிட்டு, வெறுமனே ஓடும் எஞ்சினில் ஆக்சுவேட்டர் லீவரைக் கையால் அசையாமல் பிடிக்க வேண்டும். பிடித்ததும் வேகம் நிலைத்தால் கோளாறு கவர்னர் பக்கம். பிடித்த பிறகும் ஆடினால் டீசல் பக்கம்: ஃபில்டர் அடைப்பு, இல்லை லைனில் ஏர் பிடிக்கிறது. அப்படியானால் 60 ஆயிரத்துக்குக் கார்டு போட்டாலும் ஆட்டம் நிற்காது. பிடிப்பவர் அனுபவமுள்ள மெக்கானிக்காக இருக்க வேண்டும்; வேகம் ஏறினால் உடனே லீவரை நிறுத்தும் பக்கம் தள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆக்சுவேட்டரைப் பம்போடு இணைக்கும் லிங்கேஜ் கம்பியின் இரு முனை மூட்டுகளிலும் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சில எஞ்சின்களில் ஆக்சுவேட்டர் பம்போடு ஒட்டியே இருக்கும், லீவர் வெளியே தெரியாது. பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே எஞ்சினை நிறுத்திவிட்டு, ஆக்சுவேட்டரின் இரண்டு வயரையும் கார்டிலிருந்து கழற்றி, அவற்றுக்கு நேராக பேட்டரி சப்ளையை ஒரே ஒரு விநாடி தொட்டுக் காட்ட வேண்டும். 'டக்' என்று தெளிவாகச் சத்தம் வர வேண்டும். எடுத்ததும் திரும்பி வரும் சத்தமும் கேட்க வேண்டும். இழுத்து இழுத்து வந்தால் உள்ளே சிக்குகிறது. திரும்பவும் சொல்கிறேன், எஞ்சின் நின்றிருக்க வேண்டும். ஓடும் எஞ்சினில் தொட்டால் டீசல் முழுதாகத் திறந்துகொள்ளும், பக்கத்தில் நிற்க முடியாது. நின்ற எஞ்சின், ஒரு விநாடி. அவ்வளவுதான்.

கார்டு எவ்வளவு சுறுசுறுப்பாக வேகத்தைத் திருத்த வேண்டும் என்று செட் செய்ய, அதில் கெயின், ஸ்டெபிலிட்டி என்று குட்டி ஸ்க்ரூக்கள் இருக்கும். வருகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு திருகு திருகியிருப்பார்கள். இனி யார் கை வைத்தாலும் முதலில் பேனாவால் குறியிட்டு, போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சர்வீஸுக்கு வருகிறவரே செய்திருக்க வேண்டும். பையில் மூன்று கார்டு வைத்திருப்பார், மல்டிமீட்டர் இருக்காது. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அளந்து பார்த்ததற்கு பில் போட முடியாது, பார்ட்ஸுக்குத்தான் போட முடியும். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பேப்பரில் எலக்ட்ரானிக் பாகங்கள் சேராது என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். மிஷின் வாங்கும்போது வயரிங் படம் கொடுத்தார்களா? கொடுத்திருக்க மாட்டார்கள். இடைத்தரகர்கள் இன்னொன்றும் செய்கிறார்கள்: உங்கள் பழைய கார்டை 'ஸ்கிராப்' என்று எடுத்துப்போய், துடைத்து, அடுத்த ஊரில் புதுசு என்று மாட்டுவார்கள். போன வருடம் கழற்றிய கார்டு உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் பத்திரமாக வையுங்கள், அது நல்ல கார்டாகவே இருக்கலாம்.

எல்லாம் பார்த்தும் ஆடினால் கார்டைச் சந்தேகப்படலாம். அப்போதும் பணம் கொடுக்கும் முன் ஒரு நிபந்தனை போடுங்கள். புதுக் கார்டில் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, பழையதையே திரும்ப மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழையதிலும் ஆடாமல் ஓடினால் புதியதை அவர் பையிலேயே போட்டு அனுப்புங்கள்.