கண்குழியில் ரத்தப் புற்றுநோய்க் கட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஒரு மாதமாக இடது கண் வெளியே தள்ளியிருக்கிறது. தைராய்டு ரிப்போர்ட் நார்மல். ரத்தப் புற்றுநோய் கண்ணில் வருமா?

பதில்: வரும், ஆனால் அபூர்வம். எலும்பு மஜ்ஜையில் இருக்க வேண்டிய முதிராத ரத்த அணுக்கள் கண்ணுக்குப் பின்னால் குவிந்து கட்டியாகிவிடும். மைலாய்டு சர்கோமா என்போம். கண்குழியில் இது குழந்தைகளுக்குத்தான் அதிகம். அப்பா வயதில் லிம்போமா (நிணநீர் அணுக்களின் புற்றுநோய்), வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்றுநோய் ஆகியவற்றைத்தான் முதலில் சந்தேகிப்போம். தைராய்டு கண் நோயும் ரிப்போர்ட் நார்மலாக இருக்கும்போதே வரலாம். ஸ்கேன் எடுத்துவிட்டு, கட்டி இருந்தால் பயாப்ஸி, அதாவது ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதனை. அதற்கு முன் வீக்கம் வடியட்டும் என்று நீங்களாக ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கட்டி தற்காலிகமாகச் சுருங்கி, பயாப்ஸியே குழப்பமாகிவிடும்.

கேள்வி: ஒரு லேப் லிம்போமா என்கிறது, இன்னொன்று மைலாய்டு சர்கோமா என்கிறது. எதை நம்புவது?

பதில்: இந்தக் குழப்பம் அடிக்கடி நடப்பதுதான். துண்டுக்கு வழக்கமான சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மைலாய்டு அணுக்களை அடையாளம் காட்டும் மைலோபெராக்ஸிடேஸ், லைசோசைம், சிடி117 சோதனைகளின் முடிவு ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே பயாப்ஸித் துண்டில் செய்யச் சொல்லலாம். (மைலோபெராக்ஸிடேஸ் நொதியால்தான் வெட்டியெடுத்த கட்டி சில சமயம் பச்சையாக இருக்கும். ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் பர்ன்ஸ் 1811-லேயே இதைப் பதிவு செய்திருக்கிறார்.)

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. கண்ணில் மைலாய்டு சர்கோமாதான் என்று உறுதியாகிவிட்டது, ஆனால் ரத்தமும் மஜ்ஜையும் சுத்தம். கதிர்வீச்சு மட்டும் போதாதா?

பதில்: பெரும்பாலும் போதாது. இப்போது மஜ்ஜை சுத்தமாக இருந்தாலும், சில மாதங்களில் லுக்கேமியா (ரத்தப் புற்றுநோய்) தலைகாட்டுவதுதான் வழக்கம். அதனால் அக்யூட் மைலாய்டு லுக்கேமியா என்ற, வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையையே தருகிறோம். வீரியமான கீமோ தாங்காது என்றால் அசாசிடிடின் ஊசியும் வெனிடோகிளாக்ஸ் மாத்திரையும் உண்டு. இதிலும் ரத்த அணுக்கள் குறையும். காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பார்வை நரம்பு நசுங்கினாலோ, மருந்துக்குப் பிறகும் கட்டி மிச்சமிருந்தாலோ கதிர்வீச்சு கைகொடுக்கும்.

கேள்வி: கண்ணையே எடுக்க வேண்டி வருமா?

பதில்: பொதுவாக இல்லை. மருந்துக்குக் கரையக்கூடிய கட்டி இது.

கேள்வி: மாமாவுக்கு லுக்கேமியா, கீமோ நடக்கிறது. நேற்று கண் வீங்கிவிட்டது. அதே கட்டியா?

பதில்: அப்படி முடிவு கட்டாதீர்கள். வெள்ளணு குறைந்திருக்கும்போது எனக்கு முதல் பயம் கருப்புப் பூஞ்சைதான். வலி, காய்ச்சல், மூக்கில் கறுத்த பொருக்கு, பார்வை மங்கல், சிவப்பு நிறம் ஒரு கண்ணுக்கு மட்டும் வெளிறித் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் இன்றே அவருடைய டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.