பெரியப்பா சொல்கிறார் என்று பள்ளியை மாற்றாதீர்கள்

மகனைப் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்பில் சேர்ப்பது என்று கடலூர் முதுநகரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, பத்தாவதில் 341. பெரியப்பா அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் பயோ-மேத்ஸ் சேர்த்து, நீட் எழுத வைக்கச் சொல்கிறாராம். பையனோ ஓடாத ஃபேனைப் பிரித்துப் போட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறான்.

அம்மா, உங்கள் பயம் நியாயம். ஆனால் அந்த யோசனை தப்பு. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவனுக்குத்தான் மருத்துவத்திலும் பொறியியலிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. தனியார் பள்ளிக்கு மாற்றிய அன்றே அது போய்விடும். டாக்டராக்க வேண்டும் என்றே மாற்றினாலும், டாக்டர் சீட்டுக்கு இருந்த நல்ல வழியைத்தான் அடைக்கிறீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவக் கல்லூரி பக்கத்தில்தானே என்கிறீர்கள். அங்குள்ள உள் ஒதுக்கீடு புதுச்சேரிக்காரர்களுக்கு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் உங்கள் மகனுக்கு இல்லை. இதற்காக நகையை அடகு வைக்கவே வைக்காதீர்கள்.

முதல் குரூப், காமர்ஸ் பற்றி உங்களுக்கே தெரியும். நீங்கள் கேட்காமல் விட்டது தொழிற்கல்விப் பிரிவு. 1978இல் பிளஸ் டூ வந்தபோதே தமிழ்நாட்டில் வந்த பிரிவு இது. அதில் அடிப்படை மின் பொறியியல் எடுத்தால் தமிழ், ஆங்கிலம், ஒரு துணைப்பாடம், மின் பொறியியல் தியரி, பிராக்டிகல், வேலைவாய்ப்புத் திறன்கள் என ஆறு பாடம், 600 மதிப்பெண்.

ஃபேன் உறுமுகிறது, சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது. 2.5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாற்ற அவனுக்குத் தெரிந்திருக்கும். ஒற்றை ஃபேஸ் மோட்டார் தானாகக் கிளம்பாது, துணைச் சுருளின் மின்னோட்டத்தை முன்தள்ளிச் சுழல வைப்பது அந்தக் கெப்பாசிட்டர்தான் என்பதை இங்கே படிப்பான். மாடிப்படி விளக்குக்கு மூன்று முனையுள்ள டூ-வே சுவிட்ச் இரண்டு வேண்டும். பொது முனைக்குப் போக வேண்டிய ஃபேஸை, அதாவது மின்சாரம் வரும் வயரை, வேறு முனையில் கொடுத்தால், மற்ற சுவிட்ச் ஒரு பக்கம் இருக்கும்போதுதான் விளக்கு எரியும். வயரிங் போர்டில் ஒருமுறை தப்பாகக் கொடுத்துப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

அதன்பின் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். மூன்று வருட டிப்ளமோ இரண்டில் முடியும். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டு. நேராக பி.இ. போகவும் தொழிற்கல்விக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, 7.5 சதவீதமும் கையை விட்டுப் போகாது. அப்ரண்டிஸ் சட்டத்திலும் தொழிற்கல்வி பிளஸ் டூவுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது: ஒரு வருடப் பயிற்சி, உதவித்தொகையோடு. கல்லூரியோ பாலிடெக்னிக்கோ சேர்ந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்.

மார்க் இல்லாத பிள்ளைகள் போகிற குரூப் என்று உறவில் பேசுவார்கள். பேசட்டும், படிக்கப் போகிறவன் உங்கள் மகன். ஒன்று மட்டும் அவனிடம் மறைக்காதீர்கள்: இதை எடுத்தால் நீட் எழுத முடியாது. டாக்டராக வேண்டும் என்று அவனே சொன்னால், அதே அரசுப் பள்ளியில் பயோ-மேத்ஸ் எடுக்கட்டும்.

எல்லாப் பள்ளியிலும் இந்தப் பிரிவு இல்லை. துணைப்பாடம் கணிதம்தானா, தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஆசிரியர் இல்லாத பள்ளியில் பிராக்டிகல் வெறும் ரெக்கார்டு நோட்டோடு நின்றுவிடும். விண்ணப்பம் வாங்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மீட்டர்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்து, வயரிங் போர்டில் தூசி படிந்திருந்தால் அடுத்த பள்ளிக்குப் போய்ப் பாருங்கள்.