கும்பகோணத்தில் மூன்று இரவு: கோயிலும் வேண்டும், ஓய்வும் வேண்டும் என்றால்

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அரையாண்டு விடுமுறையில், டிசம்பர் கடைசியில், கும்பகோணம் பக்கம் ஒரு ரிசார்ட்டில் மூன்று இரவு தங்கலாம் என்றிருக்கிறோம். நாங்கள் இருவர், இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள மாமியார். அவருக்கு நவக்கிரகக் கோயில் ஒன்பதும் பார்க்க வேண்டும். எனக்கு நிஜமாகவே ஓய்வு வேண்டும், அந்த ஊர்ச் சாப்பாடும் வேண்டும். ரிசார்ட்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாமல் எப்படித் திட்டமிடுவது?"

முதலில் அந்த ஒன்பதை விட்டுவிடுங்கள். திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, கீழப்பெரும்பள்ளம் பூம்புகார் பக்கம், திங்களூர் அதற்கு நேர் எதிர்த்திசையில் திருவையாறு பக்கம். ஒரே நாளில் ஒன்பதையும் சுற்றலாம்தான், ஆனால் காலையில் வண்டி ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவீர்கள், முழங்கால் வலியோடு அது வேண்டவே வேண்டாம், அடுத்த நாளும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதிலாக ஆடுதுறை பக்கம் இருக்கும் சூரியனார் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். ஒன்பது கிரகங்களுக்கும் தனித்தனிச் சன்னதி அந்த ஒரே கோயிலில் இருக்கிறது. முதலில் பக்கத்துத் திருமங்கலக்குடியில் பிராணநாதேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்புறம் சூரியனார் கோயிலுக்குப் போவதுதான் வழக்கம் என்று மாமியாருக்கே தெரிந்திருக்கும். அங்கிருந்து சுக்கிரன் தலமான கஞ்சனூரும் கிட்டத்தில்தான். ஒரு காலைப்பொழுதில் மூன்றும் முடிந்துவிடும், அவருக்கும் மனக்குறை இருக்காது.

ஓய்வு விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இந்தப் பக்கம் பெரும்பாலான கோயில்கள் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். வெளியூர்க்காரர்கள் இந்த நாலு மணி நேரத்தை எங்காவது ஓட்டலிலும் காருக்குள்ளும் கழித்துவிட்டு, ராத்திரி தூங்க மட்டும் ரிசார்ட்டுக்குத் திரும்புகிறார்கள், அப்புறம் அவ்வளவு பணம் கொடுத்தும் ஒன்றும் அனுபவிக்கவில்லையே என்கிறார்கள். அந்த மதிய நேரம்தான் உங்கள் ரிசார்ட் நேரம். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, நடுவில் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகளுக்கு நீச்சல் குளம். இது நடக்க வேண்டுமானால் இடம் கும்பகோணத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். சுவாமிமலை, தாராசுரம், திருநாகேஸ்வரம் பக்கமாகப் பாருங்கள். படத்தில் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு மணி நேரத் தொலைவில் உள்ளதை எடுக்காதீர்கள், மதியம் திரும்பி வரவே மாட்டீர்கள்.

மார்கழியில் வருவது உங்களுக்கு நல்லதாகப் போயிற்று. அந்த மாதம் முகூர்த்தம் கிடையாது. தை பிறந்துவிட்டால் ரிசார்ட் புல்வெளியெல்லாம் கல்யாணப் பந்தலாகிவிடும், நாதஸ்வரமும் மைக்கும் ராத்திரி வரை ஓயாது. மார்கழியில் அந்தத் தொல்லை இல்லை, சம்பா பயிரும் பச்சையாக நிற்கும். ஆனால் வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் ஒரு சுற்று வரலாம், குடையும் கொசுவுக்கு ஏதாவது ஒரு களிம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். வைகுண்ட ஏகாதசி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்து அன்று மட்டும் பெருமாள் கோயில்களைத் தவிர்த்துவிடுங்கள். திருநாகேஸ்வரத்துக்கு ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை, அதாவது ராகு காலத்தில், போகாதீர்கள். பாலாபிஷேகம் பார்க்க அவ்வளவு கூட்டம் நிற்கும்.

முன்பதிவுக்கு முன் ரிசார்ட்டுக்கு நீங்களே போன் செய்து பேசுங்கள். தரைத்தள அறை கிடைக்குமா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடம் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். பழைய ஓட்டு வீடு மாதிரி கட்டிய இடங்கள் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும், ஆனால் உயரமான வாசற்படியும் குனிந்து நுழையும் நிலையும் முழங்காலைக் கொன்றுவிடும். காலை ஐந்தரைக்குக் காபி கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். மார்கழியில் கோயில்கள் விடியும் முன்பே திறந்துவிடும், அந்த நேரத் தரிசனம் வேறெந்த மாதத்திலும் கிடைக்காது. காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான் என்றால் பரவாயில்லை, போய்விட்டு வந்து சாப்பிடலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ரிசார்ட் சமையலறையில் பன்னீர் பட்டர் மசாலாவும், செட்டிநாடு என்று பெயர் போட்ட இரண்டு குழம்பும் கட்டாயம் இருக்கும். செட்டிநாட்டுச் சமையல் காரைக்குடிப் பக்கத்துச் சொத்து, நன்றாகவே இருக்கலாம், ஆனால் காவிரிக்கரைக்கு வந்து அதைச் சாப்பிடுவானேன்? முந்தின நாள் மாலையே சமையல்காரரிடம் சொல்லி வையுங்கள்: வாழைப்பூப் பருப்புசிலி, வாழைத்தண்டுக் கூட்டு, மோர்க்குழம்பு, ரசம். உள்ளூர்க்காரராக இருந்தால் முகம் மலர்ந்து செய்து தருவார்.

ஒரு காலையாவது ஊருக்குள் போய் கடப்பா சாப்பிடுங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் குழைய வெந்து, தேங்காய், பொட்டுக்கடலை, சோம்பு, பச்சைமிளகாய் அரைத்து விட்டு, வெள்ளை மாறாமல் இளங்குழம்பாக இருக்கும். குருமா மாதிரி தெரியும், ஆனால் காரம் நாக்கில் அடிக்காது, பிள்ளைகள் இட்லியை அதிலேயே முக்கிச் சாப்பிடுவார்கள். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இருக்காது, கேட்டுவிட்டு உட்காருங்கள். காபியும் அப்படித்தான், நெடுஞ்சாலையில் பித்தளை டபரா அடுக்கிய கடையெல்லாம் கும்பகோணம் டிகிரி காபி ஆகிவிடாது. ஊருக்குள் கூட்டம் நிற்கும் சின்னக் கடையில், தண்ணீர் கலக்காத பாலில், புதிதாக இறங்கிய முதல் டிகாஷனில் குடித்தால் வித்தியாசம் தெரியும். திருநாகேஸ்வரம் போகும்போது பக்கத்திலேயே ஒப்பிலியப்பன் கோயில். அங்கே நைவேத்தியத்தில் உப்பே கிடையாது. பிரசாதத்தை வாயில் போட்டுவிட்டு உப்பு எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள், உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாத சின்னப் பெண்ணான பூமாதேவியைப் பெருமாள் மணந்த கதையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

மாலை நேரத்துக்கு என் முதல் தேர்வு தாராசுரம்தான். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. கல் சூடு தணிந்திருக்கும், சாய்ந்த வெயிலில் சிற்பம் தெளிவாகத் தெரியும். யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று இருக்கிறது. உடம்பு ஒரு பக்கம் யானை, மறுபக்கம் காளை. காளையின் உடம்பைக் கையால் மறைத்தால் முழு யானை, யானையை மறைத்தால் முழுக் காளை. பிள்ளைகளிடம் எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் தேடவிடுங்கள். மாமியார் தேர் மண்டபத்தின் பக்கம் உட்கார்ந்துகொள்ளலாம், அதிகம் ஏறி இறங்க வேண்டியதில்லை.

சுவாமிமலையில் மேலே போக அறுபது படி, தமிழ் ஆண்டுகளின் கணக்கு. முடியாவிட்டால் கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் ஊருக்குள் சிலை வார்க்கும் பட்டறை ஒன்றையாவது பாருங்கள். தென்னங்கீற்றை மடித்து அளவு எடுத்து மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காய்ந்ததும் சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக அச்சு. அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள், வேலை நடக்கும்போது பிள்ளைகளைத் தள்ளியே நிறுத்துங்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலை நடுநாளில் செருகாதீர்கள், கிளம்பும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி காலையில் கிளம்பி மதியம் கும்பகோணம் சேரும், அறை கொடுக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். திரும்பும்போது அதே வண்டி மதியத்துக்கு மேல் தஞ்சாவூர் வழியாகத்தான் போகிறது, அதனால் டிக்கெட்டைத் தஞ்சையிலிருந்து எடுங்கள். காலை சீக்கிரமே அறையைக் காலி செய்துவிட்டு நாற்பது கிலோமீட்டர் காரில் வந்தால் வெயில் ஏறும் முன் பெரிய கோயில். பத்து மணிக்கு மேல் கல் தளம் சுடும், எல்லோருக்கும் பழைய காலுறை ஒன்று பையில் இருக்கட்டும். அப்புறம் அரண்மனைக் கலைக்கூடத்தில் சோழர் செப்புத் திருமேனிகளைப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டு ரயில் ஏறலாம். அசோகா அல்வா திருவையாற்றுப் பண்டம், தஞ்சையிலும் கிடைக்கும். கொஞ்சமாக வாங்குங்கள், நெய் அதிகம்.

முதலில் ரயில் டிக்கெட்டை எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அந்த வண்டி செவ்வாய்க்கிழமை ஓடாது, போகிற நாளும் வருகிற நாளும் செவ்வாயில் விழாமல் பார்த்துக்கொண்டு, டிக்கெட் உறுதியான பிறகு அறைக்கு முன்பணம் கட்டுங்கள்.