உங்க ஊர்க் காத்துதாங்க அது (வாசகர் கடிதம்)

வணக்கங்க சார்,

உங்க பக்கத்த ரெண்டு வருசமா படிச்சிட்டு வர்றேன், கடிதம் எழுதறது இதான் மொத தடவை. நான் கோயமுத்தூருங்க, பீளமேடு. பிப்ரவரில வேலை மாறி சென்னை வந்தேன், ஓஎம்ஆர்ல சோழிங்கநல்லூர் தாண்டி பதினோராவது மாடில வாடகைக்கு இருக்கோம். போன வாரம் நீங்க சென்னை சாயங்காலக் காத்தப் பத்தி உருகி உருகி எழுதியிருந்தீங்க. படிச்சுட்டு சிரிப்பும் வந்துச்சு, கோவமும் வந்துச்சு. இது என்ன ஊருங்க? காலைல ஏழு மணிக்கு குளிச்சுட்டு வந்து துண்டுல தொடைச்சா தொடைக்கத் தொடைக்க ஈரம், குளிச்ச தண்ணியா வேர்வையான்னே தெரியல. ராத்திரி ரெண்டு மணிக்கும் சுவரு சுடுது. எங்கூர்ல இந்த ஜூன்ல சிலுசிலுன்னு காத்து அடிக்கும், ஃபேன் வேண்டியதில்ல, குடிக்க சிறுவாணித் தண்ணி. இங்க லாரித் தண்ணி. மழை வந்தா முழுகுமாம், வரலைன்னா காயுமாம். பொண்ணுக்கு கழுத்து பூரா வேர்க்குரு. வீட்டம்மா தினமும் "எப்பங்க திரும்பிப் போறோம்"ங்கறாங்க. ஒரே மாநிலத்துக்குள்ள ஆண்டவன் ஏங்க இப்படி ஓரவஞ்சனை பண்ணினான்? நீங்க தென்காசிக்காரர், குத்தாலச் சாரல்ல வளந்தவர், இருபத்தஞ்சு வருசமா இங்க எப்படித்தான் இருக்கீங்க?

பேரு போட வேண்டாங்க, ஆபீஸ்ல சென்னைக்காரங்க நெறைய.

—

நண்பருக்கு,

பேர் போடல, நிம்மதியா ஆபீஸ் போங்க.

வேர்வை விஷயத்துல நானும் உங்க கட்சிதான். எங்க வீட்ல அப்பளம் பொரிச்சு சாம்பார் ஊத்தறதுக்குள்ள நமுத்துப் போயிடும், உப்பு ஜாடில உப்பு கசிஞ்சு கரண்டியோட ஒட்டிக்கும், பீரோவுக்குள்ள வச்ச தோல் பெல்ட் ரெண்டு மாசத்துல பூசணம் பூத்து யாரோ மாவு தூவின மாதிரி நிக்கும். ஏசி ஆபீஸ்ல அஞ்சு மணி நேரம் ஒக்காந்துட்டு வெளிய வந்ததும் மூக்குக்கண்ணாடி வெள்ளையாயிடுதே, கவனிச்சிருப்பீங்க. ஒரு சில்லுனு இருக்கற கண்ணாடிய நீட்டினா போதும், அதுமேல கொட்டிடலாம்னு காத்துல அவ்ளோ ஈரம் காத்துக்கிட்டு நிக்குது. அந்தக் காத்து நம்ம வேர்வைய எங்க வாங்கி வச்சுக்கும் சொல்லுங்க, அதான் ஏற்கனவே நெறஞ்சு கெடக்கே. வேர்வை காஞ்சாத்தான் ஒடம்பு குளிரும், காயாம வழிஞ்சா சட்டை நனையறதோட சரி. ஒரு மண்பானை வாங்கி வச்சுப் பாருங்க, உங்கூர்ல மார்ச் மாசத்துல பல்லு கூசற அளவுக்கு குளுரும்ல, அதே பானை இங்க பேருக்குத்தான் குளுரும். நாமளும் ஒரு மண்பானைதான், கசிஞ்சு காஞ்சாத்தான் உள்ள குளுகுளுன்னு இருக்கும்.

அதனால டிவில "வேலூர் 41, சென்னை 37"னு போட்டா வேலூர்க்காரங்க நம்மளப் பாத்து சிரிக்கறது நியாயமே இல்ல. போதாததுக்கு, அந்த 37ங்கறது நெழல்ல, காத்தோட்டமா பலகை அடிச்ச வெள்ளைப் பொட்டிக்குள்ள வச்ச தெர்மாமீட்டர் பாத்த வெயில். கத்திப்பாரா பாலத்து மேல பைக்ல பஸ்சுக்குப் பின்னாடி நிக்கற ஆளு பாக்கற வெயிலுக்கு இன்னும் யாரும் பொட்டி வைக்கல.

இந்தப் புலம்பலும் நேத்து ஆரம்பிச்சது கிடையாது. இங்க வந்த வெள்ளக்காரங்க புலம்பினதுல ஊருக்குள்ள கட்டடமே எழும்பியிருக்கு. மெரினா ரோட்ல விவேகானந்தர் இல்லம்னு ஒண்ணு இருக்கில்ல, பஸ் கண்டக்டர் இன்னமும் ஐஸ் ஹவுஸ்னுதான் கூப்புடுவார், அது 1842ல ஐஸ் வைக்கறதுக்குன்னே கட்டினது. டியூடர்னு ஒரு அமெரிக்க வியாபாரி பாஸ்டன் பக்கத்துல குளிர்காலத்துல ஏரி ஒறைஞ்சதும் ஐஸ வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல பாதி உலகம் சுத்திக் கொண்டுவந்து இங்க இறக்கினார். அதுக்கும் அடங்காம 1870க்கு அப்பறம் கவர்னர் வெயில் காலம் வந்தா ஃபைல், குமாஸ்தா, பட்லர் எல்லாத்தையும் கட்டிக்கிட்டு ஊட்டிக்குப் போய் உக்காந்துக்கறதே அரசாங்க நடைமுறை ஆயிடுச்சு. அதாவது உங்க ஊர் வழியாத்தான் போயிருக்காங்க. ஆக உங்க வீட்டம்மா கேக்கற கேள்வி ரொம்பப் பழைய கேள்வி, ஒரு கவர்மெண்டே கேட்டிருக்கு.

சரி, ஓரவஞ்சனைக்கு வர்றேன். இதுக்காகத்தான் உங்க கடிதத்துக்கு உக்காந்து பதில் எழுதறேன், ஏன்னா நீங்க ஆண்டவன் மேல பழி போட்டுட்டீங்க, பழி பாலக்காட்டுப் பக்கம் இருக்கு.

பழந்தமிழ்ல நாலு திசைக் காத்துக்கும் நாலு பேர். தெக்கேருந்து வர்றது தென்றல், வடக்கேருந்து வர்றது வாடை, கெழக்கேருந்து வர்றது கொண்டல், மேக்கேருந்து வர்றது கோடை. வெயில் காலத்துக்கும் கோடைன்னுதான் பேரு, மேல்காத்துக்கும் கோடைன்னுதான் பேரு. அந்தப் பேர வச்சவங்க இந்தக் காத்த மூஞ்சியில வாங்கியிருப்பாங்கன்னு எனக்கு சந்தேகமே இல்ல.

ஜூன்ல அரபிக்கடல்லேர்ந்து காத்து கூட்டம் கூட்டமா கெளம்பி வருது. கேரளாக் கரையில ஏறி, மலை குறுக்க நிக்கறதால மேல ஏறி, ஏற ஏறக் குளுந்து, கையில இருந்த தண்ணி அத்தனையும் அங்கேயே கொட்டிடுது. ஆனா மலைக்கு நடுவுல உங்க பாலக்காட்டுக் கணவாய் இருக்கு, முப்பது கிலோமீட்டருக்கு மேல அகலம், அதுல காத்து மலையே ஏறாம, செலவே பண்ணாம, வாசல் தெறந்திருக்கற கல்யாண வீட்டுக்குள்ள நுழையற மாதிரி நேரா கோயமுத்தூருக்குள்ள வந்துடுது, சிலுசிலுன்னு. உடுமலை பக்கம் கரண்ட் எடுக்கற காத்தாடியெல்லாம் அதுலதான் சுத்துது. எங்க தென்காசிக்கு செங்கோட்டைக் கணவாய், அது சின்ன வாசல், அதுல வர்றதுதான் எங்க சாரல். நீங்களும் நானும் மலையில ஓட்டை இருக்கற ஊர்ல பொறந்த அதிர்ஷ்டசாலிங்க, அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கூட்டத்துல மலை ஏறின மிச்சக் காத்து இருக்கே, அது கதை வேற. தண்ணியக் கொட்டிட்டு வெறுங்கையோட இந்தப் பக்கம் எறங்குது, காஞ்ச காத்து ஒரு கிலோமீட்டர் எறங்கினா கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும், எறங்கினதுக்கு அப்பறம் கர்நாடகா மேட்டையும் ராயலசீமாவையும் வேலூரையும் தடவிக்கிட்டு ஐநூறு அறுநூறு கிலோமீட்டர் காஞ்ச தரை மேலயே நடந்து வந்து, வெறுத்துப்போய் மதியம் பன்னெண்டு மணிக்கு சென்னைக்குள்ள நுழையுது. உங்க கணவாய்ல நுழைஞ்ச அதே காத்துதான் இங்க வருதுன்னு அடிச்சு சொல்லல, ஆனா ஒரே கப்பல்ல வந்து எறங்கின ஆளுங்கதான். உங்களுக்கு வந்தவன் ஏசி கோச்ல வந்தான், எங்களுக்கு வந்தவன் நடந்து வந்தான்.

இவன் வந்து சும்மா சுட்டுட்டுப் போனாக்கூடப் பரவால்ல. மத்த நாள்ல என்ன நடக்கும்னா, பதினோரு மணி பன்னெண்டு மணிக்கெல்லாம் தரை நல்லா சூடாயிடும், கடல் அவ்ளோ சீக்கிரம் சூடாகாது, தரை மேல இருக்கற காத்து லேசாகி மேல போக அந்த எடத்துக்கு கடல்காத்து உள்ள வரும், வெயில் ஏறறது அத்தோட நின்னுடும். மேல்காத்து பலமா இருக்கற நாள்ல இவன் வாசல்லயே நின்னு கடல்காத்த உள்ள விட மாட்டான். ரெண்டு மணி, மூணு மணி வரைக்கும் தள்ளுமுள்ளு நடக்கும், அந்த நேரத்துலதான் 40, 41ன்னு ஏறும். சென்னையில ஒரு நாள் கொடுமையா இருக்குமா சுமாரா இருக்குமாங்கறது அன்னிக்கு கடல்காத்து எத்தன மணிக்கு உள்ள வந்துச்சுங்கறதுலதான் இருக்கு. வெயில் பாக்கற நாங்க டிகிரிய அப்பறம்தான் பாப்போம், மொதல்ல மரத்தப் பாப்போம். எங்க வீட்டுக்கு எதிர்ல ஒரு வேப்பமரம், அதோட கெளை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாத்தா போதும், கெழக்கால சாஞ்சா மேல்காத்து, மேக்கால திரும்பிட்டா கடல்காத்து வந்தாச்சு.

2003ல நான் திருவல்லிக்கேணில ஒரு மேன்ஷன்ல இருந்தேன், மொட்டமாடில ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம், மூணு பேரு. அந்த வருசம் மே 31ஆம் தேதி நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி, அந்த ஸ்டேஷனோட சரித்திரத்துலயே அதான் உச்சம், அங்க 1790கள்லேர்ந்து கணக்கு எழுதறாங்கன்னு ஞாபகம் வச்சுக்கோங்க. காலைல ஒம்பது மணிக்கே டேங்க் தண்ணி கை வைக்க முடியாது, அதனால முந்தின ராத்திரியே பக்கெட்ல புடிச்சு வச்சுடுவோம். தரையில தண்ணிய ஊத்தி, வேட்டிய நனைச்சு விரிச்சு அதுமேல படுப்போம், அரை மணி நேரத்துல காஞ்சுடும், திருப்பி நனைப்போம். அந்த வாரம் ஒரு நாள் தாங்க முடியாம சாயங்காலம் மெரினாவுக்குப் போனா, கரையில நின்னு கடலப் பாக்கறோம், காத்து முதுகுல அடிக்குது. சுடச்சுட. ஊருக்குள்ளேருந்து கெளம்பி கடலுக்குள்ள போகுது. கடல் பக்கத்துல நின்னுக்கிட்டு கடல்காத்து இல்லாம வேர்த்தது வாழ்க்கையில அந்த வாரம்தான். சுண்டல் விக்கற பையன்கூட "இன்னிக்கு காத்து தப்பா அடிக்குதுண்ணே"ன்னான்.

ஆனா ஒண்ணு, இந்த மேல்காத்து இல்லைன்னா சாயங்கால மழையும் இல்ல. ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் இங்க இடி மின்னலோட ஒரு மணி நேரம் கொட்டிட்டுப் போகுதே, அது இவனும் கடல்காத்தும் முட்டிக்கற எடத்துல காத்து மேல எழும்பி மேகமாகி பேயறது. வருச மழையில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இந்தச் சண்டையில கெடைக்கறதுதான். நான் போன வாரம் உருகினது அந்தச் சாயங்காலத்த நெனச்சு. உங்களுக்கு கோவம் வந்தது நியாயம், நீங்க படிச்சது மதியமா இருந்திருக்கும்.

இன்னொரு விஷயத்துல உங்கள விட மாட்டேன். நீங்க ஜூன் மாசக் கோயமுத்தூர எடுத்து ஜூன் மாசச் சென்னையோட மோத விடறீங்க. அது உங்க டீம்ல நல்ல பேட்ஸ்மேன், இது எங்க டீம்ல பன்னெண்டாவது ஆளு. மார்ச் கடைசியில உங்கூர் 37, 38 தொடும்போது காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நின்னிருக்கீங்க இல்ல? நானும் தென்காசிய நெனச்சா சாரல் மட்டும்தான் ஞாபகம் வருது, ஏப்ரல்ல அதே ஊர்ல மாடில தூக்கம் வராம பொரண்டது வசதியா மறந்து போகுது. பெங்களூர்க்காரங்க இதுல நம்மளவிட மோசம், 2016 ஏப்ரல்ல அங்க 39.2 போச்சு, அதுக்கு அப்பறமும் அங்க இருக்கற என் ஃப்ரெண்ட் போன் பண்ணா மொதக் கேள்வி "என்னடா, ஊர் வேகுதா?"தான்.

தண்ணி விஷயத்துல மட்டும் எனக்கு எதிர்வாதமே கெடையாது. சென்னைக்கு வருசத்துக்கு சுமாரா 140 சென்டிமீட்டர் மழை. எப்பப் பாரு மழைன்னு பேர் வாங்கின லண்டனுக்கு 60தான், உங்கூருக்கும் அதுக்கு கொஞ்சம் மேலதான். ரெண்டு மடங்கு மழைய வாங்கி வச்சுக்கிட்டுத்தான் நாங்க லாரிக்கு நிக்கறோம். 2015 டிசம்பர்ல தாம்பரத்துல ஒரே நாள்ல 49 சென்டிமீட்டர் கொட்டி ஊரே முழுகிச்சு, நாலு வருசம் கூட முடியல, 2019ல ஏரியெல்லாம் காஞ்சு ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். இதுக்கு வானத்த திட்டினா வானம் கோவிச்சுக்கும். உங்க பால்கனியிலேர்ந்து மேக்கால பாருங்க, பள்ளிக்கரணை சதுப்புநிலத்துல மிச்சம் இருக்கறது தெரியும். மிச்சம் இல்லாதது எங்கன்னு கேட்டா கீழ பாருங்க.

எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. நீங்க பிப்ரவரில வந்தீங்க, இன்னும் கொண்டல பாக்கல. அக்டோபர் நடுவுல ஒரு நாள் காலைல கதவத் தெறந்தா காத்து கெழக்கேருந்து ஈரமா, ஆனா வேற மாதிரி ஈரமா வரும், வெளக்க முடியாது, அன்னிக்கு எனக்கு எழுதுங்க. அது வரைக்கும் பாப்பாவுக்கு வேர்க்குருவுல நுங்குத் தண்ணிய தடவுங்க, எங்கம்மா வைத்தியம், ரோட்டோரம் இப்பவும் கெடைக்கும். மேக்குப் பக்க ஜன்னல காலைலயே சாத்தி ஸ்கிரீன் போட்டுடுங்க. கெழக்குப் பக்க ஜன்னல மரம் திரும்பினதும் தெறங்க, பதினோராவது மாடில மரம் இல்லைன்னா கீழ வாட்ச்மேனைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்.

இத எழுதிக்கிட்டிருக்கும்போது மணி ரெண்டே கால், வேப்பமரம் இன்னும் திரும்பல. நடுவுல அம்மா போன் பண்ணினாங்க, தென்காசியில இருந்து. "ஏய்யா, சாரல் விழ ஆரம்பிச்சிட்டு, மேகாத்து என்னா அடி அடிக்கு தெரியுமா"ன்னாங்க. "தெரியும்மா, இங்கதான் வந்துக்கிட்டிருக்கு"ன்னேன்.

"யாருய்யா வாரா? பொதிகை ரயில்லயா?"ன்னு கேக்காங்க.