வல்லூறு, பருந்துக் கூடுகளைத் தொந்தரவு இல்லாமல் கண்காணிப்பது எப்படி?

மரத்தில் பருந்துக் கூடு தெரிகிறது, அருகில் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதீர்கள். அடைகாக்கும் பறவை பயந்து எழுந்தால் முட்டை குளிர்ந்தோ வெயிலில் வெந்தோ கெட்டுவிடும், காகங்களும் காத்திருக்கும். இறகு முளைத்து முடியும் தறுவாயில் உள்ள குஞ்சு மிரண்டு, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும். இந்தக் கடைசி வாரங்களில்தான் பலர் படமெடுக்க நெருங்குகிறார்கள் என்பது வேதனை.

குறைந்தது 100 மீட்டர் தள்ளி, மறைவாக நின்று தொலைநோக்கியில் பாருங்கள். தாய்ப்பறவை கத்தினாலோ தலைக்குமேல் வட்டமிட்டாலோ அந்தத் தூரமும் போதாது, உடனே பின்வாங்குங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, அரை மணி நேரம் போதும். மழையிலும் உச்சிவெயிலிலும் வேண்டாம். ட்ரோன் கூடவே கூடாது.

கூடு பயன்பாட்டில் உள்ளதா என்பதைப் பறவை கொண்டுவந்து கூட்டில் வைக்கும் புதுப் பச்சிலைகளும், குஞ்சு பொரித்தபின் கீழே தெறிக்கும் வெள்ளை எச்சமும் காட்டும். தேதி, நேரம், பெரிய பறவைகள் எத்தனை, குஞ்சுகள் எத்தனை, இரை என்ன என்று குறியுங்கள். ஒன்றும் தெரியாத நாளையும் எழுதுங்கள். அடைகாக்கும் பறவை பெரும்பாலும் கண்ணில் படாது, அதை வைத்துக் கூடு காலி என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இடத்தைப் பொதுவெளியில் பகிராதீர்கள், படத்திலுள்ள இருப்பிடத் தகவலையும் நீக்குங்கள். சுற்றுவட்டாரத்தில் எலி விஷம் வைப்பதைத் தடுக்க முயலுங்கள்: விஷம் தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பறவையும் உள்ளே இரத்தம் கசிந்து சாகக்கூடும்.